மலையடி ஏலாவில் காவி ஊறிய வயல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பாதியில் நிலம் சமமாகக் கிடப்பதில்லை. மேடு, பள்ளம், மறுபடி மேடு. மேட்டை விளை என்பார்கள். அதில் ரப்பரும் தென்னையும் நிற்கும். இரண்டு விளைகளுக்கு நடுவே நீளவாக்கில் கிடக்கும் பள்ளத்து வயல்தான் ஏலா. கிழக்கே நாஞ்சில்நாட்டில் இருப்பதுபோல் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த வயல் அல்ல. சில ஏலாக்களில் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். நடுவே ஒரு தோடு, அதாவது சிற்றோடை, ஓடும். இரண்டு பக்கமும் வெட்டுக்கல் மேடு.

இந்த ஆய்வில் வரும் வயல் அப்படியொரு ஏலாவில் 85 சென்ட். உரிமையாளர் ஓய்வு பெற்ற ஆசிரியை; ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். வயலின் மேல்விளிம்பு மலையடியைத் தொடும், கீழ்விளிம்பு தோட்டில் முடியும். இடையே நடக்கும்போது தெரியாத அளவுக்குச் சரிவு. வருடத்தின் இரண்டு நெல் பருவங்களான கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரகம் பெரும்பாலும் அம்பை 16.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது வயலுக்கு மேலே இருந்த விளையில் முதிர்ந்த ரப்பர் மரங்கள் பெரும்பகுதி சாய்ந்தன. விளை வேறொருவருடையது. அவர் மிச்சத்தையும் வெட்டி அகற்றி, சரிவில் படிக்கட்டுபோல் தளம் எடுத்து, புதுக்கன்று வைத்து, மழைநீர் நிற்க இடையிடையே குழிகளும் எடுத்தார். அவருடைய நிலத்துக்கு அது சரியான வேலை. மண் அரிக்காது, கன்றுக்கு ஈரம் கிடைக்கும். ஆனால் முதிர்ந்த மரங்கள் உறிஞ்சிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது மண்ணிலேயே தங்கியது. குழிகள் இன்னும் கொஞ்சத்தை உள்ளே இறக்கின. உள்ளே இறங்கிய தண்ணீர் எங்காவது வெளியே வந்தாக வேண்டும். சரிவில் அது வெளியே வரும் இடம் அடிவாரம். அடிவாரத்தில் இருந்தது டீச்சரின் வயல்.

இதை இப்போது இவ்வளவு எளிதாக எழுதுகிறேன். அன்று இந்தக் கோணத்தில் யாரும் பார்க்கவில்லை, நானும்தான். நான் விவசாயக் குழு ஒன்றுக்கு மண் மாதிரி எடுப்பது, உரப் பரிந்துரையை விளக்குவது போன்ற வேலைகளைச் செய்து வருபவன்.

முதலில் கண்ணில் பட்டது

ஒக்கிக்குப் பின் மூன்றாவது கும்பப்பூ. நட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. மலையடியை ஒட்டிய மேல்பாதியில் பயிர் குட்டையாக நின்றது. அடி இலைகளின் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் கிளம்பி, இலை முழுக்கப் பரவி, தூரத்திலிருந்து பார்த்தால் வெண்கலப் பாத்திரம்போல் ஒரு நிறம். கீழ்ப்பாதி பச்சையாக இருந்தது. ஒரே நாற்று, ஒரே நாள் நடவு, ஒரே உரம்.

டீச்சர் நோய் என்று நினைத்தார். உரக்கடையில் கேட்டு இரண்டு முறை மருந்தும் அடித்திருந்தார். ஒன்றும் மாறவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் மண் மாதிரி எடுத்தேன். விதிப்படி வீட்டு மொட்டைமாடியில் நிழலில் மூன்று நாள் உலர்த்தி, கட்டி உடைத்து, சலித்து, பையில் போட்டு அனுப்பினேன். அறிக்கை வந்தது: கார அமில நிலை 5.2, துத்தநாகம் குறைவு, இரும்பு போதுமான அளவு. துத்தநாக சல்பேட் போடச் சொல்லியிருந்தார்கள். போட்டோம். மேல்பாதி அப்படியே செவந்து நின்றது.

சோதனைக்கூடத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அனுப்பிய மண்ணுக்குச் சரியான பதிலைத்தான் தந்தார்கள். நான் அனுப்பியது வயலில் இருந்த மண் அல்ல என்பதுதான் விஷயம். தண்ணீருக்கடியில் கரைந்த நிலையில் இருக்கும் இரும்பு, மண் காயக் காயக் காற்றுப் பட்டுத் துருவாகி உறைந்துவிடும். மூன்று நாள் மாடியில் காயவைத்ததில் நான் தேடிய தடயத்தை நானே அழித்திருந்தேன்.

முதல் முடிவும் அதன் காரணமும்

டீச்சரின் மருமகன் நீலகிரியில் காய்கறித் தோட்டங்களில் பல வருடம் மேற்பார்வை வேலை பார்த்தவர். அங்கே பள்ளத்தாக்குச் சதுப்பில் கேரட், உருளை போட நடுவில் ஆழமாக வாய்க்கால் எடுத்துத் தண்ணீரை வடிப்பதைப் பார்த்திருக்கிறார். வயலைச் சுற்றி வந்தவர், “அத்தை, இது வடிகால் இல்லாத மண்ணு. நடுவுல ஒண்ணு எடுத்தா சரியாயிடும்” என்றார். பேச்சில் தவறில்லை. வடிகால் இல்லாத மண் என்பது உண்மை. நானும் தலையாட்டினேன்.

உழவு வேலை பார்க்கும் பாட்டா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “இது மானத்துத் தண்ணி இல்ல மக்கா, மலைக்க தண்ணி. நடுவுல வெட்டி என்ன செய்ய?” என்றார். மூன்று பேரும் அதைக் காதில் வாங்கினோம், மனதில் வாங்கவில்லை. படித்தவர்கள் கூடிப் பேசும் இடத்தில் இப்படி ஆவது உண்டு.

தை அறுப்புக்குப் பிறகு வயலின் நடுவே, மேல்விளிம்புக்கும் தோட்டுக்கும் பாதித் தூரத்தில், குறுக்காக இரண்டரை அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, அதன் கடைசியைத் தோட்டில் விட்டோம்.

நடு வாய்க்கால் செய்தது

கன்னிப்பூவில் விளைவு தெரிந்தது. வாய்க்காலுக்குக் கீழே இருந்த நல்ல பாதியில் தண்ணீர் நிற்கவில்லை. பாய்ச்சிய தண்ணீர் இரவோடு இரவாக வாய்க்காலில் இறங்கித் தோட்டுக்குப் போனது. மண் வெடித்தது. மேலே இருந்த கெட்ட பாதியில் கால் வைத்தால் கணுக்கால்வரை புதையும் பழைய தொழி, பழைய செவப்பு. நல்ல பாதி கெட்டது, கெட்ட பாதி மாறவில்லை. டீச்சர் கோபப்படவில்லை, “சரி, இப்ப யாராவது தோண்டிப் பாக்கலாமா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி ஒரு வருடம் முன்பே என்னிடமிருந்து வந்திருக்க வேண்டியது.

குழிக்குள் தெரிந்தது

மலையடியிலிருந்து ஐந்து தப்படியில் ஒரு குழி, வயல் நடுவில் ஒன்று, தோட்டோரம் ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டரை அடி ஆழம்.

மலையடிக் குழியில் மேலே ஒரு சாண் அளவுக்கு உழுத மண், கரும்பழுப்பு. அதற்குக் கீழே மண் திடீரென்று நிறம் மாறியது. நீலம் கலந்த சாம்பல். பூமிக்குள் இப்படியொரு நிறம் இருக்கும் என்று எதிர்பார்க்காதவர்களுக்கு அது சிமெண்ட் கொட்டியதுபோல் தோன்றும். டீச்சர் அப்படித்தான் கேட்டார், யாராவது கட்டடக் கழிவைப் புதைத்துவிட்டார்களா என்று. அந்தச் சாம்பலுக்குள் பழைய வேர்கள் போன தடங்களில் மட்டும் ஆரஞ்சு நிறக் கோடுகள், நரம்புபோல். இரண்டடிக்கு மேல் போனதும் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு இழுத்தால் வராத களி. களிக்கு மேல்தளத்தில் சரிவுப் பக்கத்துச் சுவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று மழை பெய்து பத்து நாளாகியிருந்தது.

பாட்டா ஒரு கட்டியை எடுத்து வரப்பில் வைத்தார். மற்ற குழிகளைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அதன் வெளிப்பக்கத்தில் நீலம் போய்ப் பழுப்பு ஏறியிருந்தது. கையால் உடைத்தால் உள்ளே இன்னும் நீலம். என் மொட்டைமாடி மாதிரிக்கு என்ன ஆனது என்பது அந்த ஒரு கட்டியில் விளங்கியது.

நிறத்துக்குக் காரணம் இதுதான். மண் துளைகளில் காற்று இருக்கும்வரை நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வைத்து வாழும். தண்ணீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் வருவது ஏறக்குறைய நின்றுபோகும். காற்றில் நகர்வதைவிடத் தண்ணீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாக நகர்கிறது. இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் வரிசையாக வேறு பொருள்களைப் பிடிக்கும்: முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு, அதற்குப் பிறகு சல்பேட். இரும்பின் முறை வரும்போது மண்ணுக்குச் செந்நிறம் தரும் துரு கரைந்து தண்ணீரோடு நகரத் தொடங்கும். துரு போன மண்ணில் மிஞ்சும் நிறம் சாம்பல். கரைந்த இரும்பு காற்றுள்ள இடத்தை, உதாரணமாக வேர்த்துளையை, அடைந்தால் அங்கே மறுபடி துருவாகப் படியும். அதுவே ஆரஞ்சு நரம்பு. சல்பேட்டின் முறையும் வந்துவிட்டால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் தோட்டோரக் குழியில் லேசாக இருந்தது, மலையடியில் இல்லை. இது எனக்கு முக்கியமாகப் பட்டது. தோட்டோரத்தில் தண்ணீர் தேங்குகிறது. மலையடியில் தேங்கவில்லை; மேலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, வரும்போதே சரிவிலிருந்து கரைந்த இரும்பையும் கொண்டுவருகிறது.

மலையடி வரப்பின் ஓரத்தில் தண்ணீர்மேல் எண்ணெய்போல் வண்ணப் படலம் மிதந்தது. பவர் டில்லரிலிருந்து டீசல் ஒழுகியிருக்கும் என்று மருமகன் சொன்னார். ஒரு குச்சியால் கீறிப் பார்த்தோம். படலம் அப்பளம் நொறுங்குவதுபோல் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றது. எண்ணெயாக இருந்தால் கீறிய இடம் உடனே கூடியிருக்கும். இது இரும்புப் பாக்டீரியாக்களின் வேலை. அடியில் படிந்திருந்த ஆரஞ்சு வழவழப்பும் அதுவே. ஊரில் அதைக் காவி என்றுதான் சொல்கிறார்கள்.

தெரிந்த ஆய்வு மாணவி ஒருவர் சொட்டுப்புட்டியில் டைபிரிடில் கரைசல் தந்திருந்தார். கரைந்த நிலையில் இரும்பு இருந்தால் அது பட்ட இடம் சிவக்கும். மண்வெட்டி பட்ட முகத்தில் விடக்கூடாது, இரும்புக் கருவியே ஏமாற்றிவிடும்; கையால் பிளந்த புது முகத்தில் விட வேண்டும். மலையடி மண்ணில் விட்டதும் வெற்றிலைச் சாறு துப்பியதுபோல் சிவந்தது. கீழ்ப்பாதி உழுத மண்ணில் எதுவும் நடக்கவில்லை.

நாற்றைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் வெள்ளையாக இல்லை, துருப்பூச்சு. நெல் தன் வேர் வழியாகக் காற்றை இறக்கி இரும்பை வெளியிலேயே படியவைக்கப் பார்க்கும். வரும் இரும்பு அளவுக்கு மீறினால் அந்தக் காவல் உடையும், இரும்பு இலைக்கு ஏறும். வெண்கல நிறம் அங்கிருந்து வருகிறது. இதில் டீச்சருக்குச் சங்கடம் தந்த செய்தி இன்னொன்று. மேல்பாதி மெலிந்திருக்கிறதே என்று அங்கே மட்டும் இரண்டு மடங்கு பச்சிலைத் தழை மிதித்திருந்தார். காற்றில்லாத மண்ணில் பச்சைத் தழை நுண்ணுயிர்களுக்கு விருந்து. ஆக்சிஜன் இன்னும் வேகமாகத் தீரும், இரும்பு இன்னும் அதிகமாகக் கரையும். நல்ல பழக்கம்தான், இடம் தப்பு.

கம்பி வைத்துப் பார்த்தது

குழி அன்றைய நிலையைத்தான் காட்டும். தண்ணீர் மட்டம் எங்கே நின்று பழகியிருக்கிறது என்று அறிய ஒரு மலிவான வழி உண்டு. சாதாரணக் கட்டுமானக் கம்பியை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, மண்ணில் மூன்றடிக்கு இறக்கி, ஒரு மாதம் விட்டு உருவ வேண்டும். காற்றுப் போன ஆழம்வரை செந்துரு ஏறியிருக்கும். அதற்குக் கீழே துரு இல்லாமல் மங்கிய கருஞ்சாம்பலாக இருக்கும்.

ஐந்து இடத்தில் இறக்கினோம். நடு வாய்க்காலுக்குக் கீழே வைத்த கம்பிகளில் துரு ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. வாய்க்காலுக்கு மேலே ஏற ஏற அது குறைந்தது. மலையடிக் கம்பியில் நான்கு விரல்கடை. வாய்க்கால் தனக்குக் கீழே இருப்பதைத்தான் உலர்த்தியிருக்கிறது, மேலே இருப்பதைத் தொடவே இல்லை. பாட்டா கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

நீலகிரிச் சதுப்பும் ஏலாவும்

மருமகனின் அனுபவம் பொய்யல்ல என்பதால் இந்த ஒப்பீட்டைத் தனியாக எழுதுகிறேன். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில், மார்கழி தையில் குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தங்கி உறைபனி விழும். அங்கே சதுப்பில் விழும் இலையும் வேரும் இரண்டு காரணத்தால் மக்காது: காற்றில்லை, சூடும் இல்லை. எனவே கரிய நார்மண் ஆண்டாண்டாகச் சேர்ந்துகொண்டே போகும். நீலகிரியின் நார்மண் படிவுகளில் சில 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தின் தடத்தை வைத்திருக்கின்றன. அது பஞ்சுபோல் நீரைப் பிடிக்கும் மண். நடுவில் வாய்க்கால் எடுத்தால் இரு பக்கமிருந்தும் தண்ணீர் அதில் வடியும். விலையும் உண்டு: வடிந்த நார்மண் சுருங்கித் தாழும், முழுக்கக் காய்ந்தால் மறுபடி எளிதில் நனையாது, காற்றுப் பட்டு மெல்ல மெல்லக் கரைந்தே போகும்.

நம் ஏலாவில் காற்றின்மை மட்டும் உண்டு, குளிர் இல்லை. இங்கே மார்கழி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். தழை மக்கிவிடும், அதனால் கருமண் ஒரு சாணைத் தாண்டுவதில்லை. அதன் கீழே களி. களி வழியாகத் தண்ணீர் பக்கவாட்டில் நடு வாய்க்காலை வந்தடைய நாளாகும். மலையிலிருந்து வருவதோ ஓயாமல் வருகிறது. இரண்டு இடத்திலும் சாம்பல் மண், இரண்டு இடத்திலும் ஆரஞ்சு நரம்பு. பார்வைக்கு அண்ணன் தம்பி. தண்ணீர் நடக்கும் பாதை வேறு.

இரண்டாவது முடிவு

வயலை வடிப்பதை விட்டுவிட்டு, வயலுக்குள் வருவதை மறிப்பது என்று தீர்மானித்தோம். மாசி பங்குனியில், ஊற்று மெலிந்த நேரத்தில், மலையடியை ஒட்டி மேல்விளிம்பு நெடுக ஒரு வாய்க்கால். ஆழம் களி தட்டும்வரை. சில இடத்தில் இரண்டடி, சில இடத்தில் இரண்டேமுக்கால். களிக்கு மேலே நழுவி வரும் தண்ணீரைப் பிடிக்க வேண்டுமென்றால் வாய்க்காலின் அடி களியில் உட்கார வேண்டும்; அரையடி மேலே நின்றுவிட்டால் தண்ணீர் அடியில் நுழைந்து போய்விடும். நடு வாய்க்காலை மூடவில்லை, தோட்டு முனையில் மடைப்பலகை போட்டோம். தேவைப்பட்டால் திறக்கலாம், இல்லையென்றால் தண்ணீரை நிறுத்தலாம்.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. மலையடி வாய்க்கால் தோட்டைச் சேர, பக்கத்து வயல்காரரின் மூலையைக் கடக்க வேண்டும். “உங்க காவித் தண்ணிய எனக்க வயலுக்க ஓரத்துல விடாண்டாம்” என்றார். அவர் பயம் நியாயம். அவருடைய எல்லைக்கு முன்னால் டீச்சரின் நிலத்திலேயே ஒரு சென்ட் அளவுக்கு ஆழமில்லாத குழி எடுத்து, புல்லும் கோரையும் வளரவிட்டு, தண்ணீர் அதில் பரவிப் போகும்படி செய்தோம். காற்றுப் பட்டதும் இரும்பு அங்கேயே படிந்துவிடுகிறது. வெளியேறும் தண்ணீர் தெளிவாக இருப்பதை இரண்டு வாரம் பார்த்த பிறகுதான் அவர் தன் மூலையில் குழாய் பதிக்க ஒத்துக்கொண்டார். குழியில் சேரும் காவிச்சேற்றை வருடத்துக்கொருமுறை அள்ள வேண்டும்.

அடுத்த நடவுக்கு முன் மேல்பாதியை இரண்டு வாரம் காயவிட்டோம். பச்சிலை போடவில்லை, சுண்ணாம்பு இட்டோம். பொட்டாஷை இரண்டு தவணையாகக் கொடுத்தோம், ஏனென்றால் பொட்டாஷ் குறைந்த பயிரில் இரும்பின் நச்சு கூடுதலாக இறங்கும். நட்டு 25ஆம் நாள் வாக்கில் தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை விட்டு, மறுபடி பாய்ச்சினோம்.

பின்னர் நடந்தது

முதல் பருவத்திலேயே வெண்கல நிறம் பெரும்பகுதியில் வரவில்லை. மலையடிக் கம்பியில் துரு நான்கு விரல்கடையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் இறங்கியது. முன்பு கீழ்ப்பாதியின் பாதி நெல்கூடத் தராத மேல்பாதி, அந்த வருடம் முக்கால்பங்குக்கு வந்தது. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வாய்க்கால், சுண்ணாம்பு, பொட்டாஷ், வயலைக் காயவிட்டது எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் செய்துவிட்டோம். டீச்சருக்குத் தேவை நெல், எனக்குத் தேவை விடை, நெல்தான் முதலில்.

வடமேற்கு மூலையில் ஐந்து சென்ட் மட்டும் மசியவில்லை. அங்கே தண்ணீர் சரிவிலிருந்து வரவில்லை, கீழிருந்து ஊற்றுக்கண்ணாகப் பொங்குகிறது. அடிவார வாய்க்கால் அதை மறிக்காது. மண் கொட்டி மேடாக்கிவிடலாம் என்று ஒருவர் லாரி விலையோடு வந்தார். மாவட்டத்தில் எத்தனையோ ஏலாக்கள் அப்படித்தான் வாழைத்தோப்பாகி, பிறகு வீட்டுமனையாகியிருக்கின்றன. டீச்சர் மறுத்துவிட்டு, அந்த மூலையில் சேம்பு வைத்தார்.

மறுபடி செய்தால் மாற்றுவது

குழியை முதல் நாளே எடுப்பேன், மருந்துக்கும் மாதிரிக்கும் முன்னால். மூன்று குழிக்கு ஓர் ஆள்கூலி ஆகும். நடு வாய்க்காலுக்கு ஆனதோடு ஒப்பிட்டால் அது காசே அல்ல. கம்பிகளை மழைக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை வைப்பேன். ஈரவயல் மண்ணைச் சோதனைக்கு அனுப்பினால், நிறத்தையும் நாற்றத்தையும் வயலிலேயே எழுதிவைத்து அந்தக் குறிப்பையும் கூட அனுப்புவேன்; உலர்ந்த மண் அவற்றைச் சொல்லாது. பாட்டா மலைத்தண்ணீர் என்று சொன்ன அன்றே, எந்த மலை, எந்த மாதம், எவ்வளவு நாளாக என்று உட்கார்ந்து கேட்பேன். விளைக்காரரிடமும் முன்பே பேசியிருப்பேன். மழைக்குழிகளில் கீழ்வரிசையை மட்டும் பக்கத்து ஓடைப் பக்கம் மாற்றித்தர அவர் இப்போது சம்மதித்திருக்கிறார். அதற்கு எங்களில் யாரும் அதுவரை அவரைக் கேட்டதே இல்லை.

ஒரு குறை இன்னும் பாக்கி. வாய்க்காலின் மலைப்பக்கச் சுவரைச் சாய்வாக வெட்டாமல் நேராக வெட்டிவிட்டோம். கார்த்திகை மழையில் இரண்டு இடம் சரிந்து அடைத்துக்கொண்டது, நான்கு நாளில் வயலோரம் படலம் மறுபடி மிதந்தது. மண்ணை வாரிவிட்டார்கள். கல் அடுக்க ஆள் சொல்லியிருக்கிறது. மழை விட்டால் வருவார்.